படிப்பதற்கு ஒரு மாத்திரையா?



ஒரு பொதுத்தேர்வுக் காலம். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு ஓர் உம்மா நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பத்து மாத்திரை அட்டையில் நான்குதான் மீதி இருந்தது.

"பிள்ளையோட புத்தகப் பையில கிடந்துச்சு. கேட்டா ஞாபக சக்திக்குச் சத்து மாத்திரைங்கிறான். ராத்திரி மூணு மணி வரைக்கும் உட்கார்ந்து படிக்கிறான். நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன். ஆனா பத்து நாளா சோறு இறங்கல. தொட்டதுக்கெல்லாம் கோபம். நேத்து 'நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா'ன்னு சொன்னான். இது என்ன மாத்திரைன்னு பார்த்துச் சொல்லுங்க."

நம்மோடு இருந்த சகோதரர் ஒருவர் மருந்தாளுநர். அட்டையின் பின்புறம் படித்துவிட்டு, "இது சத்து மாத்திரை இல்லை. மீத்தைல்பெனிடேட். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் யாரும் தொடக்கூடாத மருந்து" என்றார்.

விசாரித்தபோது மாத்திரை வெளியிலிருந்து வரவில்லை என்று தெரிந்தது. அந்தப் பையனின் சாச்சி வீட்டு அலமாரியிலிருந்து வந்திருக்கிறது. சாச்சியின் ஒன்பது வயது மகனுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து அது. பெரியவன் கோச்சிங் நண்பர்கள் சொல்லக் கேட்டு, போகும்போதும் வரும்போதும் ஒன்றிரண்டாக எடுத்திருக்கிறான்.

இங்கே பாதிக்கப்பட்டது ஒரு பிள்ளை அல்ல, இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு உடம்பு கெட்டது. சின்னவனுக்கு மாத்திரை முன்கூட்டியே தீர்ந்து, ஆறு நாள் மருந்தில்லாமல் போனது. வகுப்பில் உட்கார முடியவில்லை என்று பள்ளியிலிருந்து ஆள் விட்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் சின்னவனின் பாட்டி, "பச்சைப் பிள்ளைக்குப் போதை மாத்திரையா கொடுத்தீங்க?" என்று கேட்டு, இருந்த மருந்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஒரே மருந்து. ஒரு வீட்டில் தேவையில்லாதவன் சாப்பிட்டான். இன்னொரு வீட்டில் தேவையுள்ளவனிடமிருந்து பறிக்கப்பட்டது. இரண்டுக்கும் காரணம் அறியாமையும் பேசக் கூச்சமும்தான். அதனால்தான் இந்த இதழில் இதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

இது என்ன மருந்து?

நரம்பு மண்டலத்தைத் தூண்டி விழிப்பையும் கவனத்தையும் கூட்டும் மருந்துகளை 'ஊக்கி மருந்துகள்' என்பார்கள். மீத்தைல்பெனிடேட் அவற்றில் ஒன்று. 1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் இதை உருவாக்கினார். தம் மனைவியின் செல்லப்பெயரான 'ரீட்டா'விலிருந்து இதற்கு 'ரிட்டலின்' என்று பெயரிட்டார். இதைவிடப் பழையது ஆம்ஃபெட்டமின். அது 1887-லேயே உருவாக்கப்பட்டது. 1937-ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, ஆம்ஃபெட்டமின் வகை மருந்து கொடுக்கப்பட்ட சில குழந்தைகள் பாடத்தில் ஊன்றி உட்காருவதைக் கவனித்து எழுதினார். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள குழந்தைகளுக்கு, அதாவது ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு, ஊக்கி மருந்து கொடுக்கும் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது.

ஏ.டி.எச்.டி. என்பது சேட்டையோ வளர்ப்புக் குறையோ அல்ல. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும், செய்யுமுன் யோசிப்பதும் மூளைக்குச் சிரமமாக இருக்கும் நிலை. உரிய மருத்துவர் பரிசோதித்து, எடை, இதயம், இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, சிறிய அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டும்போது இந்த மருந்து பல குழந்தைகளுக்குப் பெரிய உதவி. முறையாகச் சிகிச்சை பெறும் பிள்ளைகள் அந்த மருந்தாலேயே பிற்காலத்தில் போதைக்கு அடிமையாவதில்லை என்பதே இதுவரையிலான ஆய்வுகளின் பொதுவான முடிவு.

மருந்து ஒன்றுதான். அதை நன்மையாகவும் தீமையாகவும் ஆக்குவது யார், எதற்காக, எவ்வளவு, யாருடைய மேற்பார்வையில் சாப்பிடுகிறார் என்பதே.

எது 'தவறான பயன்பாடு'?

நம்மில் பலர் போதைக்காகச் சாப்பிட்டால் மட்டும்தான் தவறு என்று நினைக்கிறோம். அப்படியில்லை. இவை அனைத்தும் தவறான பயன்பாடே:

வேறொருவருக்கு எழுதிய மருந்தைச் சாப்பிடுவது.
தனக்கே எழுதியதானாலும் சொன்ன அளவைவிடக் கூட்டிச் சாப்பிடுவது.
படிக்க, கண் விழிக்க, உடம்பு இளைக்க என்று வேறு நோக்கத்துக்குச் சாப்பிடுவது.
பொடித்து உறிஞ்சுவது, கரைத்து ஊசியாகப் போடுவது.
"உனக்கும் தேவைப்படும்" என்று அன்பாக ஒருவருக்குக் கொடுப்பது.

கடைசியில் உள்ளதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் தேசிய ஆய்வுகளில், ஊக்கி மருந்தைத் தவறாகப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் அதை நண்பரிடமிருந்தோ உறவினரிடமிருந்தோ பெற்றதாகவே சொல்கிறார்கள். நம் ஊரிலும் அது சாச்சி வீட்டு அலமாரியிலிருந்துதான் வந்தது.

மதிப்பெண் கூடுமா?

பிள்ளைகள் கேட்கும் நேர்மையான கேள்வி இது. நேர்மையாகவே பதில் சொல்வோம்.

மூளையில் செய்தி கடத்தும் டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு பொருள்களின் அளவை இந்த மருந்து கூட்டுகிறது. ஏ.டி.எச்.டி. இல்லாதவர் சாப்பிட்டாலும் தூக்கம் விலகும், உற்சாகம் வரும், 'இன்று நன்றாகப் படிக்கிறேன்' என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம்தான் ஏமாற்றுகிறது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏ.டி.எச்.டி. இல்லாத 40 பேருக்கு மீத்தைல்பெனிடேட், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின், மொடஃபினில் ஆகிய மருந்துகளையும், மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்தார்கள். பிறகு ஒரு கணக்கு: பல பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை, ஒரு விலை. ஒரு பை இவ்வளவு எடைதான் தாங்கும். அதிக விலை சேரும்படி எதையெதைப் பையில் வைப்பீர்கள்? மருந்து சாப்பிட்ட நாளில் அவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், அதிக முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஆனால் யோசித்து எடுத்து வைக்கும் தரம் குறைந்துபோனது. உழைப்பு கூடியது, விடை மேம்படவில்லை.

அந்தப் பையனும் இதையே சொன்னான். "நிறைய நேரம் உட்கார்ந்தேன். ஆனா வேதியியல் நோட்டுல தலைப்புக்கெல்லாம் கலர் கலரா கோடு போட்டுக்கிட்டே இருந்திருக்கேன். பாடம் ஏறல."

இன்னொன்றும் உண்டு. பகலில் படித்ததை மூளை நிலைநிறுத்திக்கொள்வது தூக்கத்தில்தான். தூக்கத்தை விற்று வாங்கிய நேரத்தில் படித்தது, தேர்வு அறையில் கைவிட்டுவிடும்.

ஏன் நடக்கிறது?

'காலம் கெட்டுப்போச்சு' என்று சொல்லிவிட்டால் பாடம் முடிந்துவிடாது. காரணங்களைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, பயம். ஒரு தேர்வில்தான் வாழ்க்கை என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளை எதையும் பிடித்துக்கொள்ளும். இந்த மருந்தைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் குஷிக்காகத் தேடுவதில்லை. பின்தங்கிவிடுவோமோ என்று அஞ்சியே தேடுகிறார்கள்.

இரண்டாவது, 'டாக்டர் மருந்துதானே' என்ற நம்பிக்கை. கஞ்சாவைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளை, அட்டையில் அச்சடித்த மாத்திரையைக் கண்டு ஒதுங்குவதில்லை.

மூன்றாவது, களைப்பை எதிரியாகப் பார்ப்பது. இது இன்றைய நோய் அல்ல. ஜப்பானில் 1941 முதல் 'ஃபிலோபான்' என்ற பெயரில் மெத்தாம்ஃபெட்டமின் மருந்துக்கடைகளில் களைப்பு நீக்கியாக விற்கப்பட்டது. போர் முடிந்ததும் மீதமிருந்த மருந்து மக்களிடையே பரவி, பெருந்தொகையானோர் அடிமையாகி, 1951-ல் தனிச் சட்டம் போட்டுத்தான் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. இன்றும் இரவுப் பணி செய்வோர், நெடுந்தூர வண்டி ஓட்டுவோர் இந்த வலையில் விழக்கூடியவர்களே.

நான்காவது, உடம்பு. ஜிம்முக்குப் போகும் நம் வாலிபர்கள் கவனிக்க வேண்டியது மெஃபென்டெர்மின் என்ற ஊசி மருந்து. அறுவைச் சிகிச்சையில் மயக்க ஊசி போடும்போது இரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் அதைத் தூக்குவதற்கு மருத்துவர்கள் பயன்படுத்துவது அது. கூடுதல் எடை தூக்கலாம் என்று அதை ஜிம்களில் போட்டுக்கொள்வதும், திருட்டுத்தனமாக விற்றவர்கள் கைதாவதும் இந்தியாவின் பல நகரங்களில் நடந்திருக்கிறது. இதயத் துடிப்பு தாறுமாறாவது, மனப்பிறழ்வு, அடிமைத்தனம் எல்லாம் இதில் உண்டு. ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து வரும்.

ஐந்தாவது, கண்டறியப்படாத சிரமம். சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஏ.டி.எச்.டி.யோ மனச்சோர்வோ இருக்கும். யாரும் கேட்காததால் தாமே மருந்து தேடிக்கொள்கிறார்கள்.

ஆறாவது, நாம்.

நம் பங்கு என்ன?

இதை எழுதத் தயங்கினோம். ஆனால் எழுதாமல் இந்தப் பாடம் முழுமையாகாது. அந்தப் பையனிடம் "ஏன்பா இப்படிச் செய்தாய்?" என்று கேட்டபோது, அவன் நம் அலுவலகச் சுவரைக் காட்டினான். அங்கே முதல் மூன்று இடம் பெற்ற பிள்ளைகளின் படங்கள் ஆண்டுவாரியாக மாட்டியிருந்தன. "அதுல என் காக்கா படம் இருக்கு. அடுத்தது நான்தான்னு எல்லாரும் சொல்றாங்க. மார்க் குறைஞ்சா உதவித்தொகையும் கிடைக்காது. வாப்பா சவூதியில இருந்து போன் பண்ணுனா முதல்ல கேக்குறதே 'எத்தனை மார்க்'ன்னுதான்."

நல்ல எண்ணத்தில் செய்ததுதான். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஊக்கப்படுத்தினோம். ஆனால் தூங்கினாயா, சாப்பிட்டாயா, எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரவு இரண்டு மணிக்கு விளக்கு எரிந்தால் பெருமைப்பட்டோம். அந்த விளக்கு எப்படி எரிகிறது என்று பார்க்கவில்லை.

என்ன தீங்கு வரும்?

பசியின்மை, தூக்கமின்மை, எரிச்சல், தலைவலி, படபடப்பு ஆகியவை முதலில் தெரியும். இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் உயரும். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு, அது இருப்பதே தெரியாதவர்களுக்கும், இது ஆபத்து. எனர்ஜி டிரிங்கும் காபியும் சேர்ந்தால் படபடப்பு இன்னும் கூடும். அளவு மீறும்போது யாரோ பின்தொடர்வதுபோன்ற சந்தேகம், இல்லாத குரல் கேட்பது வரை போகலாம்.

தொடர்ந்து சாப்பிட்டு நிறுத்தும்போது கடுமையான அசதி, நீண்ட தூக்கம், மனம் உடைந்துபோவது, சிலருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வரலாம். அந்த நாட்களில் பிள்ளையைத் தனியே விடக்கூடாது.

நெஞ்சுவலி, மயக்கம், வலிப்பு, கடும் காய்ச்சல், மனக்குழப்பம் இருந்தால் யாரையும் கலந்தாலோசித்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். என்ன மாத்திரை என்பதை மறைக்காமல் சொல்லி, அட்டையையும் கையில் கொண்டுபோங்கள்.

சட்டமும் பயணமும்

மீத்தைல்பெனிடேட் நம் நாட்டில் மருந்து விதிகளின் 'எக்ஸ்' அட்டவணையில் இருக்கிறது. தனி உரிமம் உள்ள கடையில்தான் விற்கலாம். மருத்துவர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பாதுகாக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் இது இடம்பெற்றுள்ளது. ஆகவே 'நண்பனுக்கு நாலு மாத்திரை கொடுத்தேன்' என்பது சட்டத்தின் பார்வையில் சின்ன விஷயம் அல்ல.

வளைகுடாவில் பிள்ளைகளும் கணவன்மாரும் உள்ள குடும்பங்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். இந்த வகை மருந்துகள் அங்கே கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளவை. உண்மையான நோயாளியானாலும் மருத்துவர் சீட்டு, மருத்துவ அறிக்கை, அந்த நாடு கேட்கும் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. 'ஊரிலிருந்து வரும்போது இந்த மாத்திரைப் பொட்டலத்தைக் கொண்டுவா' என்று யார் கேட்டாலும், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், என்ன மருந்து என்று தெரியாமல் வாங்காதீர்கள். ஃபெனெத்திலின் என்ற பழைய ஊக்கி மருந்தின் வணிகப் பெயர் 'கேப்டகான்'. இன்று அதே பெயரில் கள்ளத்தனமாகச் செய்த மாத்திரைகள் அரபு நாடுகளில் பெருமளவில் பிடிபடுகின்றன. மாத்திரை என்றாலே அங்குள்ள அதிகாரிகள் உற்றுப் பார்ப்பது இதனாலும்தான்.

மருந்து சாப்பிடும் பிள்ளையின் பெற்றோருக்கு

நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுவதுபோல்தான் இதுவும். பயந்து நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். எதுவானாலும் மருத்துவரிடம் கேளுங்கள். நோன்பு நோற்கும் வயதுப் பிள்ளையானால், மருந்து நேரம் பற்றி ரமளானுக்கு முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் பேசிவிடுங்கள்.

மருந்து உங்களிடம் ஓர் அமானிதம். பூட்டி வையுங்கள். வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெரியவர் ஒருவர் கையால் கொடுங்கள். பிள்ளையிடம், 'யார் கேட்டாலும் கொடுக்காதே, கேட்டால் உம்மாவிடம் சொல்' என்று சொல்லி வையுங்கள்.

தெரியவந்தால் என்ன செய்வது?

அடிக்க வேண்டாம், ஊர் கூட்ட வேண்டாம். முதல் கேள்வி 'எங்கே வாங்கினாய்?' என்பதாக இருக்க வேண்டாம். 'உனக்கு என்ன கஷ்டம்?' என்பதாக இருக்கட்டும். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416, போதை மறுவாழ்வு உதவி எண் 14446, தமிழ்நாடு மருத்துவ உதவி எண் 104. மூன்றும் இலவசம்.

போலீஸ் பயத்தால் பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். அடிமையான ஒருவர் பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால், வழக்கிலிருந்து விலக்குக் கொடுக்க அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது.

அந்த இரண்டு பிள்ளைகள்

பெரியவனை அவன் உம்மாவும் மாமாவும் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். மாத்திரையை விட்ட முதல் வாரம் தூங்கிக்கொண்டே இருந்தான். தேர்வு எழுதினான். எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை, ஆனால் தேறினான். இப்போது அவன் விரும்பிய படிப்பில் சேர்ந்திருக்கிறான். வாப்பா போன் செய்தால் முதலில் 'சாப்பிட்டியா?' என்று கேட்கிறாராம்.

சின்னவனின் பாட்டியை அவன் மருத்துவரே நேரில் உட்காரவைத்துப் பேசினார். மருந்து திரும்பத் தொடங்கியது. இப்போது அலமாரிச் சாவி பாட்டியின் முந்தானையில் இருக்கிறது.

நாமும் சிலவற்றை மாற்றினோம். சுவரில் இருந்த படங்களை எடுத்துவிட்டோம். உதவித்தொகைக்கு மதிப்பெண் மட்டும் போதாது என்பதை விட்டு, குடும்பத் தேவையையும் பிள்ளையின் முயற்சியையும் பார்க்கிறோம். நம் படிப்பகம் இரவு பத்து மணிக்கு மூடப்படும். சில பெற்றோர் இதற்கு நம்மிடம் கோபப்பட்டார்கள். அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து பேச மூன்று கேள்விகள்:

நம் வீட்டில் என்னென்ன மாத்திரைகள் இருக்கின்றன, யார் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன?
நம் பிள்ளை நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினான், தூங்கினாள்?
மதிப்பெண் குறைந்தாலும் வீட்டுக்குத் தைரியமாக வரலாம் என்று நம் பிள்ளைக்குத் தெரியுமா?

மூன்றாவது கேள்விக்குப் பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள்.